சட்டைப் பையில் இருந்த ஃப்யூஸ் கட்டை

மகனே,

நீ மேசைமேல் வைத்துவிட்டுப் போன சூரியத் தகடு இணைப்பு விண்ணப்பத் தாள் பதினோரு நாளாக அதே இடத்தில் இருக்கிறது. பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு ஸ்பேனரை வைத்திருக்கிறேன். உன் அம்மா தினமும் மேசையைத் துடைக்கும்போது ஸ்பேனரை எடுத்து, தாளை எடுத்து, துடைத்துவிட்டு, மறுபடி தாளை வைத்து அதன்மேல் ஸ்பேனரை வைக்கிறாள். ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டாலாவது பரவாயில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நீ சூரிய மின் நிலைய வேலைக்கு ராஜஸ்தானுக்கு ரயில் ஏறுகிறாய் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆஸ்டின் டவுனில் சிநேகிதன் அறையில் தங்கிக்கொண்டு, பெட்டி எடுக்கக்கூட நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்துபோயிருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நேரில் நின்றால் நான் ஒன்று சொல்வேன், நீ ஒன்று சொல்வாய், இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீசல் ஜெனரேட்டர் ஓட்டிப் பிழைத்ததற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மொட்டை மாடியில் நின்று, "கரி புடிச்ச மண்டை நைனா உனுக்கு" என்றாயே, அதையும் மறக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பதற்கு நீ நினைத்துக்கொண்டிருக்கும் காரணம் தப்பு. வெயிலில் மின்சாரம் எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை, என் தொழிலுக்கு அது அவமானம் என்று நினைக்கிறேன், அதனால் மறுத்தேன் என்று நினைக்கிறாய். மீட்டர் என் பெயரில் இருப்பதால் உன்னை மடக்கிவிட்டதாக நினைக்கிறாய். உண்மைக் காரணத்தை முந்தாநாள்வரை, இருபத்தெட்டு வருஷமாக, நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என் வழியில்தான் சொல்வேன், முதலிலிருந்து.

கோலார் தங்கவயலில் நான் பிறந்த தொழிலாளர் லைன் வீட்டைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லாத ஒன்று உண்டு. எங்கள் சுரங்கத்துக்கு மின்சாரம் காவிரி அருவியிலிருந்து வந்தது. பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிவதற்கு முன்பே எங்கள் ஊரில் எரிந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அதைப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அதை வேறு விதமாகத் தெரிந்துகொண்டேன். என் அப்பா பூமிக்கு அடியில் வேலை செய்தவர். கூண்டில் இறங்கி, கூண்டில் ஏறி வர வேண்டும். கூண்டை இழுப்பது மின்சாரம். வீட்டில் விளக்கு அணைந்தால் மற்ற ஊர்ப் பெண்கள் மெழுகுவர்த்தி தேடுவார்கள். எங்கள் லைனில் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடி வந்து, சுரங்க வாயின்மேல் உயரத்தில் இருக்கும் சக்கரத்தைப் பார்ப்பார்கள். அது சுற்றினால் கூண்டு ஓடுகிறது. நின்றிருந்தால் கூண்டும் நின்றிருக்கிறது. சக்கரம் மறுபடி சுற்றும்வரை யாரும் பேசமாட்டார்கள். என் அம்மா மாவுக் கையோடு அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த வயதில் எனக்குள் ஒன்று உறைந்துவிட்டது. மின்சாரம் நிற்கக் கூடாது. எதை எரித்தாவது, யார் எரித்தாவது, அது நிற்கக் கூடாது. என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நீ அம்மாவிடம் கேட்பாயாம். அங்கிருந்துதான் வந்தது.

அந்தக் காலத்தில் இந்த மாநிலம் ஏறக்குறைய முழுக்க ஆற்றை நம்பியிருந்தது. மழை பெய்தால் வெளிச்சம். பெய்யாவிட்டால் ஆலைகளுக்கு விடுமுறை. ஊரும் ஜனமும் பெருகப் பெருக ஆறு போதவில்லை. அப்போதுதான் வடக்கே கரி எரிக்கும் நிலையம் வந்தது. தங்கவயலில் என் வயதுக்காரர்களுக்கு வேலை எடுப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். நான் அங்கே காண்ட்ராக்ட் கூலியாகப் போனேன். இரண்டு வருஷம். கரி ஏற்றிய வேகனை அப்படியே தலைகீழாகக் கவிழ்க்கும் ஒரு எந்திரம் இருந்தது. கொட்டும் கரி ஒரு கம்பிச் சல்லடைமேல் விழும். சல்லடையில் புகாத கட்டிகளைச் சம்மட்டியால் உடைப்பது எங்கள் வேலை. மழைக்காலத்தில் நனைந்த கரி களிமண்போல ஒட்டிக்கொள்ளும். அப்போது கடப்பாரையால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். ஒரு நாள் நாங்கள் சுணங்கினால் தெற்கே உங்கள் பெங்களூரில் எங்கோ மின்விசிறி நிற்கும் என்று மேஸ்திரி சொல்வார். நான் அதை நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். பக்கத்து ஊரில் புளியமரங்கள் சாம்பல் நிறத்தில் நிற்கும். கிணற்றில் வாளி விட்டால் தண்ணீர்மேல் ஒரு படலம் விலகும். அந்த ஊர்க்காரர்களைப் பற்றி இங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை. விளக்கு போட்டவர்களுக்குப் புகை தெரியவில்லை.

இதைத்தான் அன்றைக்கு மாடியில் உன்னிடம் சொல்ல வந்தேன். சொல்ல விட்டாயா? உன் மின்சார ஸ்கூட்டரைக் காட்டி, "பாரு நைனா, பொகையே இல்ல" என்றாய். "ராத்திரி எல்லாம் சார்ஜுல போடுறியே, அந்த நேரத்துல எந்த சூரியன்டா உனுக்கு ஓவர்டைம் பாக்குது?" என்று கேட்டேன். உன் அம்மா சிரித்துவிட்டாள். உனக்குக் கோபம். "நீ பத்து வருஷமா இந்தத் தெருவுக்கே பொகை போட்டவன். அம்மா தொவைச்சு காயப்போட்ட துணியெல்லாம் கரி. நீ எனுக்கு கணக்கு சொல்றியா?" என்றாய். நீ சொன்னது பொய்யில்லை. நான் சொன்னதும் பொய்யில்லை. என் புகை தெருவில் நின்றது, எல்லாரும் பார்த்தார்கள், திட்டினார்கள். உன் ஸ்கூட்டரின் புகை எங்கோ ஒரு புளியமரத்தின்மேல் இறங்குகிறது. பகலில் வெயில் கொஞ்சம் தாங்குகிறது, காற்று கொஞ்சம் தாங்குகிறது, ஒத்துக்கொள்கிறேன். பேப்பரில் தினமும் அணையின் நீர்மட்டத்தையும் நிலையங்களில் கரி எத்தனை நாளைக்கு இருக்கிறது என்பதையும்தான் முதலில் படிக்கிறேன், உனக்குத் தெரியும். பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கு போடும்போது இந்த நாடு இன்னும் கரியின் காலைத்தான் பிடிக்கிறது. என் அப்பா காலத்தில் ஆறு, என் இளமையில் கரி, இப்போது பகலில் வெயிலும் மாலையில் கரியும். நீ போகிற வேலை அதை மாற்றுவதற்கு என்றால் போ. மாறிவிட்டது என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

கரி நிலையத்திலிருந்து மூச்சிரைப்போடு வந்தவன் பெங்களூரில் டீசலுக்கு மாறினேன். இதையும் நீ கேலியாகச் சொல்வாய். ஆனால் அந்த வருஷங்களை நீ பார்க்கவில்லை. காலையில் இரண்டு மணி நேரம், சாயந்திரம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. மழை வந்தால் முழு நாளும் மின்சாரம் வராது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, சாவு, எதற்கும் ஜெனரேட்டர் இல்லாமல் முடியாது. எனக்கு யாரும் தொழில் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு பழைய இன்ஜினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். இன்ஜின்மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து அதன் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டு, எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று கற்றுக்கொண்டேன். ஜோகுபாளையத்தில் நம் தெருவில் கைவண்டியில் வைத்து நான் தள்ளிப்போன அந்தப் பச்சை இன்ஜினைக் கண்டால் சின்னப்பிள்ளைகள் பின்னால் ஓடி வருவார்கள்.

அப்போது இப்போதுபோல ஒழுங்கான மாற்று ஸ்விட்ச் வீடுகளில் கிடையாது. ஜெனரேட்டரிலிருந்து வரும் ஒயரை வீட்டின் ஒரு பிளக்கில் சொருகி, அந்த வழியாக வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுப்போம். தப்பான வழிதான். எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அதில் ஒரு ஆபத்து உண்டு. மீட்டர் பலகையில் இருக்கும் மெயின் ஃப்யூஸ் கட்டையை, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டையை, முதலில் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் நம் ஜெனரேட்டரின் மின்சாரம் வீட்டோடு நிற்காமல் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போய்விடும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டையைப் பிடுங்கி அங்கேயே பலகைமேல் வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் யாராவது தெரியாமல் திரும்பச் சொருகிவிடுவார். அதை நம் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இன்ஜினை இழுத்துக் கிளப்புவதற்கு முன்னால் சட்டைப் பையைத் தட்டிப் பார்க்க வேண்டும். கட்டை பையில் இருந்தால் இன்ஜினைத் தொடலாம். நம் வீட்டில் இன்னும் அந்தப் பீங்கான் கட்டையை மாற்றாமல் வைத்திருக்கிறேன் என்று நீ சிரிப்பாய். சிரி. அது நான் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள்.

நீ அப்போது அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம். அன்றைக்கு எனக்கு இரண்டு வேலை. காலையில் ஆஸ்டின் டவுனில் ஒரு காதுகுத்து. மதியத்துக்குமேல் நம் பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்பு. ஆஸ்டின் டவுனில் விருந்து முடிந்து நான் ஒயரைச் சுருட்டும்போதும் மின்சாரம் வந்திருக்கவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று அவசரம். வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தெருவுக்கு நான் வந்து சேர்ந்தபோது காற்றில் ஒரு பெரிய கிளை முறிந்து தெருக் கம்பியின்மேல் விழுந்து கம்பி அறுந்திருந்தது. மாதப்பா வந்துவிட்டிருந்தார்.

மாதப்பா நம் பகுதி லைன்மேன். மளவள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர். நம் தெருக்களில் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். என்னைப் பார்த்தால், "பந்த்யா, வந்துட்டியா டீசல் சாமி! நான் கரண்ட் குடுத்தா உன் பொழப்பு போச்சு" என்று கிண்டல் செய்வார். அன்றைக்கும் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அதையேதான் சொன்னார். "மெதுவா ஏறுங்கண்ணா, எனுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் வேலை வேணும்" என்று நானும் சொன்னேன். தெருமுனை ஸ்விட்சை இறக்கிவிட்டு அவர் கம்பத்தில் ஏறினார்.

வளைகாப்பு வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். உள்ளே இருட்டு. மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் வளையல் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றார்கள். "இன்னா மேஸ்திரி, கொழந்தை பொறந்தப்பறம்தான் லைட் போடுவியா?" என்று ஒரு அம்மா கேட்க எல்லாரும் சிரித்தார்கள். பெண்களை விலக்கிவிட்டுப் பலகையிடம் போகக் கூச்சப்பட்டேன். கொஞ்சம் வழி கிடைக்கட்டும் என்று ஒயரைச் சொருகப் போனேன். திரும்பி வந்து இன்ஜின் பக்கத்தில் நின்றேன். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தேன். கட்டை இருந்தது. கையில் கெட்டியாகத் தட்டுப்பட்டது. இன்ஜினைக் கிளப்பினேன்.

அது ஆஸ்டின் டவுன் வீட்டுக் கட்டை, மகனே. காலையில் பிடுங்கியது. அவசரத்தில் அதைத் திரும்பப் போடாமல் வந்துவிட்டேன்.

இன்ஜின் கிளம்பியதும் முனகியது. ஒரு வீட்டுச் சுமைக்கு அது அப்படி முனகாது. எனக்கு அது தெரியும். அந்த இன்ஜினின் குரல் என்னைவிட யாருக்கும் தெரியாது. அதே சமயம் பக்கத்து வீட்டில் ரேடியோ பாட ஆரம்பித்தது. அந்த வீட்டுக்கு நான் ஒயர் கொடுக்கவில்லை. இரண்டையும் கேட்டேன். நின்று யோசிக்க ஒரு நொடி இருந்தது. யோசிக்காமல் டீசலைக் கூட்டினேன். இன்ஜின் நிமிர்ந்தது. தெருவில் யாரோ கத்தினார்கள்.

ஓடிப்போனபோது மாதப்பா சாக்கடை ஓரத்தில் கிடந்தார். நான்தான் அவரைத் தூக்கினேன். ஆட்டோவில் என் மடியில்தான் தலை. வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இடுப்பு எலும்பு சேர்ந்தாலும் சரியாகச் சேரவில்லை. என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்றே நினைத்தேன். சாயந்திரம் ஆஸ்டின் டவுன்காரர் சைக்கிளில் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். "யோவ், ஊரு பூரா கரண்ட் வந்துடுச்சு, எங்க வூடு மட்டும் இருட்டா கீது. கட்டைய பாக்கெட்ல போட்டுக்கினு வந்துட்டியே, புத்தி கீதா உனுக்கு?" சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பையில் கை விட்டு எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் ஒயரை எடுத்துவர வளைகாப்பு வீட்டுக்குப் போனேன். மீட்டர் பலகையில் அவர்களுடைய கட்டை அசையாமல் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே. இலாகாவில் விசாரணை வைத்தார்கள். லைன்மேன் தப்பான ஸ்விட்சை இறக்கிவிட்டு ஏறியிருக்கிறான், அவன் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். உன் அம்மாவுக்கு ஏழு மாதம், நான் ஜெயிலுக்குப் போனால் யார் பார்ப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ பிறந்தாய். பிறகு குழந்தைக்கு அப்பா வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். நீ பள்ளிக்கூடம் போனாய். பிறகு இத்தனை வருஷம் கழித்து எதற்கு என்று சொல்லிக்கொண்டேன். மாதப்பாவைக் கம்பம் ஏறும் வேலையிலிருந்து எடுத்து, புகார் எழுதும் மேசையில் உட்கார வைத்தார்கள். அவர் ஓய்வு பெறும்வரை அந்த மேசைக்கு வாரம் ஒரு முறை போய் டீ வாங்கிக் கொடுத்தேன். அதைப் பார்த்து ஊரில் எனக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயரைத்தான் நான் இன்றைக்குவரை தின்றுகொண்டிருக்கிறேன்.

இப்போது மாடியில் நடந்ததை நினைத்துப் பார். தகடுகளைப் பொருத்திவிட்டாய். சுவரில் மாட்டப் போகும் இன்வெர்ட்டர் பெட்டியைக் காட்டி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். "நைனா, தெரு லைன்ல கரண்ட் போச்சுன்னா இதுவும் தானா நின்னுடும்" என்றாய். நான் விட்டேனா? "இன்னாடா இது கூத்து! வெயிலு மண்டைய பொளக்குது, தகடு தலை மேல கீது, வூடு மட்டும் நின்னு போவுமா? இதுக்கு என் பச்ச இன்ஜினே மேலு" என்றேன். நீ பொறுமையாகத்தான் பதில் சொன்னாய். "வேணும்னே அப்பிடி வெச்சிருக்காங்க நைனா. லைன் ஆஃப்னு நம்பி ஒருத்தன் கம்பத்துல ஏறியிருப்பான் இல்ல? நம்ம வூட்டு கரண்ட் வெளிய போயி அவன அடிச்சிடக் கூடாது. அதுக்குத்தான்."

அந்த ஒரு வாக்கியம். ஏதோ குழந்தைக்குச் சொல்வதுபோல நீ அதைச் சொன்னாய். என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கையெழுத்து போடமாட்டேன், எடுத்துக்கினு போ எல்லாத்தையும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நீ பின்னாலிருந்து கரி பிடித்த மண்டை என்றாய். நீ என்ன சொல்லியிருந்தாலும் அப்போது எனக்குக் கேட்டது பக்கத்து வீட்டு ரேடியோதான். யாரோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து, முகம் தெரியாத லைன்மேனுக்காக யோசித்து, அந்தப் பெட்டிக்குள் அதை வைத்திருக்கிறான். மாதப்பாவின் முகம் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை.

முந்தாநாள் காலையில் ஒக்கலிபுரம் போனேன். மாதப்பா இப்போது அங்கே தண்டவாளத்தை ஒட்டிய மகள் வீட்டில் இருக்கிறார். ரயில் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. "பா, பா, டீசல் சாமி! கூத்கோ" என்று நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காதுகுத்து, கட்டை, வளைகாப்பு, ரேடியோ, டீசலைக் கூட்டியது. சொல்லி முடித்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ நான் எறக்கினது சரியான ஸ்விட்சுதானா?"

"சரியானதுதான் அண்ணா."

"கரெக்டா சொல்லு. கடைசி கம்பத்து பக்கத்துல இருந்ததா?"

"அதேதான். நான் பார்த்தேன்."

வலது கையில் மிச்சமிருந்த விரல்களை இடது கையால் பிடித்துக்கொண்டார். "புதுசா வர்ற பசங்களுக்கு எல்லாம் நான் சொல்லுவேன். பதினைஞ்சு வருஷம் சொன்னேன். 'தம்பி, நான் தப்பு ஸ்விட்சு எறக்கினவன். என் கையப் பாத்துக்கோ. ரெண்டு வாட்டி பாத்து எறக்கு.' என்னை நானே காட்டிக் காட்டிச் சொன்னேன். நீ வாரா வாரம் வந்து எதிர்ல உக்காந்து டீ குடிச்சியே."

மன்னிப்பு என்ற வார்த்தையை வழி முழுக்கத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் அவர் வாங்கியிருக்கமாட்டார். "ஹோகு" என்றார். "போ. எழுந்து போன்னு சொல்லக்கூட முடியல, நின்னுக்கினே இருக்கே. போ."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார். எதற்காக இத்தனை வருஷம் கழித்து இப்போது சொன்னாய் என்று கேட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன். தகடு, பெட்டி, தெருவில் மின்சாரம் போனால் தானாக நின்றுவிடும் என்று நீ சொன்னது, எல்லாம். அவருக்கு அது புதிது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டார்.

"நின்னுடும்னு யாரு பாத்தாங்க?"

"மகன் சொல்றான்."

"சொல்றதெல்லாம் ஆச்சு. நீயும்தான் பாக்கெட்டைத் தட்டிப் பாத்தே. மாட்டட்டும். மாட்டின அன்னைக்கு நான் வந்து பாக்கணும். கம்பி செத்துதான் கெடக்குதான்னு நான் டெஸ்டர் வெச்சுப் பாக்கணும். மெயினை வேற எவனும் தொடக் கூடாது. நான்தான் எறக்குவேன்."

இதுதான் நடந்தது. அவர் என்னை மன்னிக்கவில்லை. அதை உனக்கு அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள் துவைத்துக்கொண்டிருந்தாள். துவைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "அன்னைக்கு சட்டைய நான்தான் அலசிப் போட்டேன். பையில ஏதோ கனமா இருந்துச்சு. உனுக்கு வேண்டியதா இருக்கும்னு அப்பிடியே விட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. என் தட்டில் சோறு மட்டும் விழுகிறது.

நீ இனிமேல் பெரிய பெரிய கம்பிகளோடு வேலை செய்யப் போகிறாய். நாடு முழுக்க மாறும் என்கிறாய். மாறட்டும். அப்பன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். எந்த இடத்திலும் உன் இன்ஜின் முனகினால் கூட்டாதே, நிறுத்து. நிறுத்தினால் வெளிச்சம் போகும், நாலு பேர் திட்டுவார்கள், போகட்டும். மின்சாரம் நிற்கவே கூடாது என்று நான் நம்பினேன். அது நிற்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு என்று உன் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது. சரிபார்க்கும்போது கையால் தடவிப் பார்த்துத் திருப்திப்படாதே, போய்க் கண்ணால் பார். தப்பு செய்தால் அன்றைக்கே சொல். மறுநாள் சொல்லலாம் என்று வைத்தால் அந்த மறுநாள் வர எத்தனை வருஷம் ஆகும் என்று என்னைப் பார்த்துத் தெரிந்துகொள். உன் தகடுகளைப் பரப்பும் இடத்தில் யார் நிலம், யார் மாடு மேய்த்த இடம் என்று கேட்டுப் பார். புளியமரம் அங்கேயும் இருக்கும்.

பச்சை இன்ஜினை விற்கமாட்டேன். தார்ப்பாயைப் போர்த்தி வைத்திருக்கிறேன், அது அங்கேயே இருக்கட்டும். ஸ்கூட்டரைப் பற்றி நான் சொன்னதையும் வாபஸ் வாங்கமாட்டேன். பகலில் சார்ஜ் போடு, அப்போது வாதத்துக்கு வா.

இப்போது தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று இடத்தில் கேட்டிருந்தது, மூன்றிலும் போட்டிருக்கிறேன். ஸ்பேனரை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகும் வழியில் வந்து எடுத்துக்கொள். நான் வீட்டில்தான் இருப்பேன், நீயும் நான் இருக்கும்போதே வா. இலாகா ஆட்கள் வந்து இணைப்புக் கொடுக்கும் நாளில் நீ எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் லீவு போட்டு வர வேண்டும். பட்டப்பகலில், வெயில் உச்சியில் இருக்கும்போது செய்ய வேண்டும். மாதப்பா அண்ணாவை ஆட்டோவில் நான் கூட்டி வருகிறேன், அவர் என்னோடு ஏறினால். ஏறாவிட்டால் நீ போய்க் கூட்டி வா. அவருக்குப் படி ஏற முடியாது, மீட்டர் பலகை கீழேயே இருப்பது நல்லதாயிற்று. அவர் மெயினை இறக்குவார். மேலே தகடு முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அவர் இடது கையில் டெஸ்டரைப் பிடித்துக் கம்பியில் வைப்பார். நீயும் நானும் பேசாமல் நிற்போம். அன்றைக்கு நம் வீட்டு ஃப்யூஸ் கட்டை அவருடைய சட்டைப் பையில் இருக்கும்.

உன் அப்பா